என் விடுமுறையும் ஒரு கக்கூஸ் சாவியும்

1

கிளிநொச்சியில் இருக்கிற என் மாமா மகள் வதனிக்கு ஒரு படம் அனுப்பினேன். அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. கறுத்த கல்மலைக்கு முன்னால் வெள்ளை நிறத்தில் ஒரு பெரிய வண்டி. வண்டிக்கு முன்னால் சக்கர நாற்காலியில் ஒரு கிழவி. கிழவியின் தோளில் கை வைத்தபடி நான், முகத்தில் கறுப்புக் கண்ணாடி வேறு. கொஞ்ச நேரத்தில் குரல்பதிவு வந்து விழுந்தது.

“உங்களுக்கென்ன மச்சாள், குடுத்து வைச்சனீங்கள். நாங்கள் இஞ்சை வெயிலுக்கை காயிறம். நீங்கள் வீட்டையும் சில்லிலை பூட்டிக்கொண்டு ஊர் சுத்துறியள்.”

வதனி பொறாமையில் சொல்லவில்லை. மனம் நிறைந்துதான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கறுப்புக் கண்ணாடி என்னுடையதில்லை. படம் எடுப்பதற்காக வேலைவீட்டுக்காரர் தந்தார்கள், எடுத்து முடிந்ததும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். படத்தில் அது தெரியாதுதானே.

ஆகவே வதனிக்கும், வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற மற்றவர்களுக்குமாக இதை எழுதுகிறேன். என் பெயர் யோகராணி. இத்தாலியின் தெற்கே பலெர்மோவில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். வீடு பிரான்காச்சோவில், அரசாங்க அடுக்குமாடிகளுக்குப் பக்கத்தில். வேலை லிபெர்த்தாவில், பால்கனிகளில் பூச்சாடி தொங்கவிட்டிருக்கும் வசதியானவர்களின் பகுதியில், நடக்கமுடியாத ஒரு சிஞ்ஞோராவை, இங்கே வீட்டம்மாவை அப்படித்தான் சொல்வது, குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வது. என் கணவர் பகேரியாவில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் சமையலுக்கு நிற்கிறார், காலையில் ரயிலில் போய் மறுபடி ரயிலில் வருகிறவர். எங்களுக்கு ஒரே பிள்ளை, நிலானி. இங்கேயே பிறந்தவள்.

சிஞ்ஞோரா வீட்டில் என்னை ஜோயா என்று கூப்பிடுவார்கள். வேலைக்குப் போன முதல் நாளே வைத்த பெயர். அவர்களுடைய மொழியில் மகிழ்ச்சி என்று அர்த்தமாம். என்னுடைய மூஞ்சையைப் பார்த்தும் வைத்திருக்கிறார்கள்.

2

அந்த வண்டியை இங்கே காம்பர் என்பார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, மேசை, கழிவறை எல்லாம் இருக்கும். சிஞ்ஞோராவின் மகன் ஒரு எஞ்சினியர். இந்த வருடம் அவருக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு சிசிலியைச் சுற்றவேண்டும் என்ற ஆசை வந்தது. ஆசை வரலாம், அம்மாவின் மேல் பாசம் உள்ள மனிதர்தான். ஆனால் அம்மாவைத் தூக்க, கழுவ, உடுப்பு மாற்ற அவருக்கும் தெரியாது, அவருடைய மனைவிக்கும் தெரியாது. ஆகவே என்னைக் குசினிக்குள் வந்து கேட்டார். கேட்டார் என்று மரியாதைக்கு எழுதுகிறேன்.

“ஜோயா, ஓகஸ்டிலை நீயும் எங்களோடை வாறாய். மலை பாப்பாய், வயல் பாப்பாய். உனக்கும் நல்ல ஓய்வு. அதை உன்ர ஃபெரியேயாப் போட்டுவிடுறன்.”

ஃபெரியே என்றால் சம்பளத்தோடு தருகிற வருட விடுமுறை. சட்டப்படி எனக்குச் சேரவேண்டியது. அவருடைய அம்மாவின் அணையாடையை மலையில் வைத்து மாற்றினால் அது என் விடுமுறையாம்.

“எஞ்சினியர், ஓகஸ்டிலை எனக்கு லீவு வேணும் எண்டு எப்பவோ சொன்னனான்,” என்றேன். “மகளின்ர அலுவல் இருக்கு.”

“அந்த நாளுக்கு முதலே பலெர்மோவுக்குத் திரும்பிவிடுவம். நிச்சயம். நீ எங்கட குடும்பம்தானே, ஜோயா.”

அவர் என்னை ‘நீ’ என்பார். நான் அவரை ‘நீங்கள்’ என்பேன். இங்கத்தைய மொழியிலும் அந்த வித்தியாசம் இருக்கிறது. குடும்பத்துக்குள் ஒரு பக்கம் மட்டும் நடக்கிற மரியாதை.

மகளின் அலுவல் என்னவென்று சொல்லவேண்டும். நிலானி பலெர்மோ ஆஸ்பத்திரியில் பிறந்து, பலெர்மோப் பள்ளிக்கூடத்தில் படித்து, பலெர்மோக்காரரின் இழுவையோடு இத்தாலியன் கதைக்கிறவள். ஆனாலும் கையில் இருப்பது பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி அட்டைதான். இங்கே பிறந்து, இடைவெளியில்லாமல் இங்கேயே வளர்ந்த பிள்ளை, பதினெட்டு முடிந்து பத்தொன்பது முடிவதற்குள் நகரசபைக் கந்தோருக்குப் போய் “நான் இந்த நாட்டுக் குடிமகள்” என்று அறிவித்துக் கையெழுத்து வைக்கலாம். பத்தொன்பது முடிந்தால் அந்தக் கதவு மூடிவிடும். பிறகு நேற்று வந்து இறங்கியவர்களின் வரிசையில் நின்று வருடக்கணக்கில் காத்திருக்கவேண்டியதுதான்.

எங்களுக்கு அந்த ‘இடைவெளியில்லாமல்’ என்பதில்தான் சிக்கல். நிலானி சின்னப்பிள்ளையாக இருந்தபோது நாங்கள் இருந்த வீட்டுக்காரன் அந்த விலாசத்தில் எங்களைப் பதியவிடவில்லை. வீடு வாடகைக்கு விட்டது அரசாங்கத்துக்குத் தெரியக்கூடாதாம். ஆகவே பதிவேட்டின்படி அந்தக் காலத்தில் என் பிள்ளை எங்குமே இருக்கவில்லை. அந்த ஓட்டையை அடைக்க தடுப்பூசி போட்ட புத்தகம், பாலர் பள்ளித் துண்டுகள், டாக்டரின் எழுத்து, எல்லாவற்றையும் அசலாகக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். அலைந்து சேர்த்து முடிக்கப் பிறந்தநாள் நெருங்கிவிட்டது. அதற்கு முன்னால் கந்தோரில் ஒரே ஒரு தவணைதான், ஒரே ஒரு நாள்தான், கிடைத்தது.

நிலானிக்கு வடக்கே தொரினோவுக்குப் போய்ப் படிக்க ஆசை. இந்தக் கையெழுத்தோடு போனால் எல்லாரையும்போல் போவாள். இல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்க அட்டை புதுப்பிக்கிற ஓட்டம்தான்.

என் கணவரிடம் எஞ்சினியர் சொன்னதைச் சொன்னேன். “சண்டை பிடிக்காதை. இந்த வயதிலை வேறை வீடு தேடேலாது,” என்றார். நானும் பிடிக்கவில்லை.

3

இனி என் விசர்வேலை, என் பைத்தியக்காரத்தனம்.

புறப்படுகிற அன்று காலையில் நான் கொண்டுவந்து இறக்கிய சாமான்களைப் பார்த்து எஞ்சினியர் வாயைப் பிளந்தார். ஒரு சாக்கில் அரிசி, பருப்பு. ஒரு கான் தண்ணீர். டோர்ச், கயிறு, ஒரு தறப்பாள். தோளில் ஒரு நீலப் பை.

“ஜோயா, யுத்தத்துக்கா போறம்?”

அவர் சிரித்தார், மனைவி சிரித்தார், சக்கர நாற்காலியில் இருந்த சிஞ்ஞோராவும் மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே ஒன்று போடவேண்டும் போல் இருக்கிறது.

சில்லில் ஓடுகிற வீட்டில் நான் முதல் தடவையாக ஏறவில்லை. கிளிநொச்சியில் செல் குண்டு விழத் தொடங்கியபோது உழவு மெசினுக்குப் பின்னால் கொழுவிய பெட்டியில்தான் நாங்கள் வெளிக்கிட்டோம். அக்கராயன், பிறகு மல்லாவி. மேலே தறப்பாள், கீழே சட்டிபானை, நடுவில் நாங்கள். மாதக்கணக்காக அந்தப் பெட்டிதான் வீடு. அதற்கு ஒருவரும் கறுப்புக் கண்ணாடி போட்டுப் படம் எடுக்கவில்லை.

வெளிக்கிடும்போது அப்பா ஒரு காரியம் செய்தார். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, எங்கள் பரீட்சைப் பெறுபேறுகள் எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி, பிளாஸ்டிக் கானுக்குள் வைத்து, கிணற்றடியில் தாட்டார். “ஒரு கிழமையிலை திரும்பிவிடுவம். வழியிலை துலைஞ்சால் கஷ்டம். மண்ணுக்கை பத்திரமாக் கிடக்கும்,” என்றார். அந்தக் காலத்தில் வன்னியில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். பிறகு போய்ப் பார்த்தபோது வீடு இல்லை. கிணற்றடியில் யாரோ தோண்டிப்போட்ட குழி, ஒரு பெரிய கிடங்குதான் இருந்தது.

அதன் பிறகு வவுனியாவுக்கு வந்து முகாமில் கிடந்தோம். வெளியே போவதற்குப் பாஸ் வேண்டும். பாஸுக்கு அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். நான் யோகராணிதான் என்பதற்கு என்னைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை. அப்பா ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் கைகட்டி நின்று, “ஐயா, இது என்ர மகள் ஐயா,” என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். தன் பிள்ளையைத் தன் பிள்ளை என்று கெஞ்சவேண்டிவந்த மனிதர். எனக்கு ஆத்திரம் வந்தால் இன்றைக்கும் முதலில் அந்த மேசைகள்தான் நினைவுக்கு வருகின்றன.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். ஓர் இரவு என்றாலும் வீட்டை விட்டு வெளியே தங்கப் போனால் எல்லோருடைய கடுதாசிகளும் என்னோடு வரும். கோயில் திருவிழாவுக்குப் போனாலும் வரும். பலெர்மோவில் இருக்கிற எங்கள் பெண்கள் பலருக்கு இது இருக்கிறது, கேட்டுப்பாருங்கள். காம்பருக்கும் அந்த நீலப் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். மகளின் கையெழுத்துக்குத் தேவையான அத்தனையும் அதற்குள்தான். திரும்பிவந்துதானே கந்தோருக்குப் போகப்போகிறோம் என்பது என் நினைப்பு. யோசித்துச் செய்ததுகூட இல்லை, கை தன்பாட்டில் எடுத்துக்கொண்டது.

4

காம்பரில் கழிவு ஒரு பெட்டியில் சேரும். வண்டியின் வெளிப்பக்கத்தில் ஒரு சின்னக் கதவு, அதற்கு ஒரு சின்னச் சாவி. கதவைத் திறந்து பெட்டியை இழுத்தெடுத்து, அதற்கென்று இருக்கிற இடத்தில் ஊற்றி, கழுவி, நீல மருந்து விட்டுத் திரும்பத் தள்ளவேண்டும். பகேரியாவைத் தாண்டும் முன்னரே எஞ்சினியர் அந்தச் சாவியை என் கையில் வைத்தார்.

“இது உன்ர பொறுப்பு, ஜோயா. துலைச்சுப்போடாதை, வேறை சாவி இல்லை.”

வேறு சாவி என்றால் தாலிக்கொடியில் கிடக்கிற ஊசியில் கொழுவியிருப்பேன். இது கக்கூஸ் சாவி. ஆகவே ஊசியைக் கழற்றி, நீலப் பையின் உள்பக்கத்தில் குத்திவிட்டேன். நான் எதை விட்டாலும் அந்தப் பையை விடமாட்டேன் என்பதால்.

எஞ்சினியரும் மனைவியும் முன்னால் இருந்தார்கள். சிஞ்ஞோராவுக்கு முகம் முன்பக்கமாக ஒரு இருக்கை. அவருக்கு எதிரே, பின்னால் பார்க்கிற இருக்கை எனக்கு. ஆகவே நான் பார்த்த சிசிலி முழுக்க என்னை விட்டு விலகிப் போகிற சிசிலிதான். பகேரியா ஸ்டேஷன் அப்படிப் போனது, என் கணவர் இறங்குகிற இடம். கடல் போனது. பிறகு வண்டி மலை ஏறத் தொடங்க, சாம்பல் நிறத்தில் மொட்டைப் பாறைகள் இரண்டு பக்கமும் வந்து, வந்ததைப்போலவே பின்னால் போயின. உழவு மெசின் பெட்டியிலும் இப்படித்தான் பின்பக்கம் பார்த்து இருந்தேன். வாகனம் எங்கே போகிறது என்பது முன்னால் இருக்கிறவனுக்குத்தான் தெரியும்.

மலைக்கு அங்கால் கோதுமை நிலம். அறுவடை முடிந்து, தாள் எரித்து, மஞ்சளும் கறுப்புமாகக் கண் எட்டுகிற தூரத்துக்கு ஒரு மரம் இல்லை. வழியில் அங்கங்கே கூரையில்லாத கல்வீடுகள். யன்னல் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. எனக்கு அது செல் விழுந்த ஊராகத்தான் தெரிந்தது. கூரை ஓடும் மரமும் கழற்றப்பட்டு நின்ற எங்கள் ஊர் வீடுகளைப் பார்த்த கண்ணுக்கு வேறு என்ன தெரியும்.

எஞ்சினியர் வண்டியை ஓரம் கட்டி இறங்கி நின்றார். திரும்பி வந்தபோது அவருடைய கண் கலங்கியிருந்தது.

“எங்கட சனம் எல்லாம் வேலை தேடி ஜேர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் போட்டுது, ஜோயா. வீட்டை விட்டிட்டுப் போறது எவ்வளவு கொடுமை எண்டு உனக்குத் தெரியாது.”

எனக்குத் தெரியாதாம். நான் சிஞ்ஞோராவின் காலுக்குக் கீழே தலையணையைச் சரிசெய்தேன். அந்த நேரத்தில் கையில் வேலை இருந்தது அவருடைய நல்லகாலம்.

சிஞ்ஞோராவைப் பற்றிக் குறை சொல்லமாட்டேன். வெளியே பார்த்துக்கொண்டே இருப்பார். திடீரென்று, “இது எந்த ஊர்?” என்று கேட்பார். பெயர் தெரிந்தால் சொல்வேன், தெரியாவிட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். “அழகாயிருக்கு, என்ன?” என்பார். “ஓம்,” என்பேன், தமிழிலேயே. அவருக்கு அந்தச் சொல் பழக்கம். எத்தனையோ வருடமாக என் கையால் சாப்பிடுகிற மனிசி.

மற்ற இருவரும் காலையில் நடக்கப் போவார்கள், பின்னேரம் வைன் குடித்துச் சூரியன் மறைவதைப் பார்ப்பார்கள். நான் கக்கூஸ் பெட்டியை இழுத்துக்கொண்டு போவேன். எல்லோரும் படுத்த பிறகு சாப்பாட்டு மேசையை மடித்தால் அது என் கட்டில். என் விடுமுறை அப்படி அமோகமாகப் போய்க்கொண்டிருந்தது.

5

எட்னா எரிமலை அடிவாரத்தில் நிலம் மாறியது. மலை கக்கிய குழம்பு ஓடிவந்து உறைந்த கறுத்த பாறை. புல் இல்லை, மண்கூட இல்லை. கால் வைத்தால் நொறுங்குகிற சத்தம். வதனி பார்த்த படம் அங்கே எடுத்ததுதான். எஞ்சினியரின் மனைவி அதைத் தன்னுடைய இணையப் பக்கத்தில் போட்டு, ‘எங்கள் குடும்பம்’ என்று எழுதியிருந்தார்.

அன்றைக்குத்தான் நிலானி போன் எடுத்தாள்.

“அம்மா, la busta blu, அந்த நீலப் பை எங்கை? அலுமாரி முழுக்கத் தேடிட்டன்.”

“என்னட்டை இருக்கு, பிள்ளை.”

“உங்களிட்டை எண்டால்?”

“இஞ்சை. என்னோடை.”

 அவளுடைய குரல் மெதுவாக வந்தது. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“அம்மா, அது வெறும் கையெழுத்துத்தான், நீங்கள் வரத் தேவையில்லை எண்டு நான் சொன்னனான். பேப்பர் மட்டும்தான் எனக்கு வேணும். நீங்கள் என்ர சீவியத்தை முழுக்கப் பைக்குள்ளை போட்டுக்கொண்டு மலைக்குப் போட்டியள். Ma perché? ஏன் அம்மா, எப்பவும் இப்பிடி?”

ஏன் என்று அவளுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. கிணற்றடிக் கிடங்கையும் அப்பா கைகட்டி நின்றதையும் போனில், எரிமலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லவா முடியும்? “தவணைக்கு முதல்நாள் வந்திடுவன். எஞ்சினியர் சொன்னவர்,” என்றேன்.

“அவர் சொன்னவர்,” என்றாள். அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் யார் யார் மேல் கோபம் என்று பிரித்தெடுக்க முடியவில்லை. வரத் தேவையில்லை என்ற மகள் மேல், கானைத் தாட்ட அப்பா மேல், தாட்ட இடத்தைத் தோண்டியவர்கள் மேல், பதியவிடாத வீட்டுக்காரன் மேல், என் மேல்.

6

திரும்பும் வழி கத்தானியாச் சமவெளி. ஆரஞ்சுத் தோடை மரங்கள், தண்ணீர் வாய்க்கால்கள், பிறகு மறுபடி அந்த எரிந்த கோதுமை நிலம். கல்தானிசெத்தாவுக்குக் கிட்ட பாதை பிரியும். நேரே போனால் பலெர்மோ. தெற்கே திரும்பினால் அக்ரிஜெந்தோக் கடற்கரை. தவணைக்கு முதல்நாள் காலை அது. எண்ணெய் அடிக்க நிறுத்திய இடத்தில் எஞ்சினியர் போனில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே மனைவியிடம் சொல்கிறார், “கடலுக்குப் போவம். அம்மாவுக்குப் பிடிக்கும்.”

நான் இறங்கிப்போய் அவருக்கு முன்னால் நின்றேன்.

“எஞ்சினியர், நாளைக்குக் காலமை மகளின்ர தவணை.”

“ஓ, அதுவா. வேறை நாள் கேக்கச் சொல்லு.”

“வேறை நாள் இல்லை. அவளுக்குப் பத்தொன்பது முடியப்போகுது.”

“அவள் வளந்த பிள்ளை. நீ இல்லாமல் கையெழுத்து வைக்கமாட்டாளே?”

“கடுதாசியள் என்னட்டைக் கிடக்கு.”

“அதை ஏன் இஞ்சை கொண்டுவந்தனி?” என்று சிரித்தார். அதே சிரிப்பு, யுத்தத்துக்கா என்று கேட்டபோது சிரித்த சிரிப்பு.

“என்னை இறக்கிவிடுங்கோ. பஸ்ஸிலை போறன்.”

அவருடைய மனைவி வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். “அம்மாவை ஆர் கழுவுறது?”

“கேட்டியே?” என்றார் எஞ்சினியர். “வேலைக்கு வந்திட்டு நடுவழியிலை விட்டிட்டுப் போகேலாது, ஜோயா.”

அந்தச் சொல்லில்தான் எனக்குக் கண் திறந்தது. இத்தனை நாளும் மூளை எங்கே மேய்ந்துகொண்டிருந்ததோ தெரியாது.

“வேலைக்கோ?” என்றேன். “நீங்கள் இதை ஃபெரியே எண்டெல்லோ போட்டனீங்கள். வேலை எண்டால் என்ர லீவைத் திருப்பித் தாங்கோ. லீவு எண்டால் நான் எங்கை போறன் எண்டு கேக்க உங்களுக்கு என்ன இருக்கு? ரெண்டிலை எது எண்டு சொல்லுங்கோ.”

எண்ணெய் அடிக்கிற பெடியன் பைப்பைப் பிடித்தபடி எங்களைப் பார்த்தான். எஞ்சினியர் குரலைத் தாழ்த்தினார்.

“குடும்பத்துக்குள்ளை இப்பிடிக் கதைக்கிறதில்லை.”

“குடும்பமோ? அப்ப என்ர பேரைச் சொல்லுங்கோ.”

அவர் வாயைத் திறந்தார். மூடினார். மாதாமாதம் என் சம்பளத் துண்டில் கையெழுத்து வைக்கிற மனிதர். மனைவியைத் திரும்பிப் பார்த்தார், மனைவி கோதுமை வயலைப் பார்த்தார். நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. என்னத்துக்கு?

“சரி, ஏறு,” என்றார். கல்தானிசெத்தா நகரம் தொடங்குகிற இடத்தில் நிறுத்தினார். பஸ் நிலையம்வரை விட மனம் வரவில்லைப் போலும்.

அரிசிச் சாக்கு, கான், தறப்பாள், என் உடுப்புகள் எல்லாவற்றையும் விட்டேன். நீலப் பையை மட்டும் தோளில் போட்டேன். இறங்கும்போது சிஞ்ஞோரா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “ஜோயா, எங்கை போறாய்?” அவருக்கு நடந்தது ஒன்றும் விளங்கவில்லை. கிழவிக்கு விரலில் அவ்வளவு பலம் இருந்ததை நான் அதுவரை அறியவில்லை. ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டேன். “போட்டு வாறன்,” என்றேன், தமிழில். போகிறேன் என்று சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லைத்தானே. அது பொய் என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. அழுகை வந்தது. அவர்களுக்கு முன்னால் அழக்கூடாது என்று வெயிலுக்குள் விறுவிறுவென்று நடந்தேன்.

7

பஸ்ஸில் முன்பக்கம் பார்க்கிற இருக்கையில் இருந்து பலெர்மோவுக்கு வந்தேன். ஸ்டேஷனில் நிலானி நின்றாள். என்னைப் பார்க்க முதல் பையைப் பார்த்தாள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், பிரான்காச்சோ வரும்வரைக்கும், கிணற்றடியில் தாட்ட கானைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். யன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டாள். முடிந்ததும் பையை என் தோளிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையில் கந்தோரில் ஒரு அம்மா மேசைக்குப் பின்னால் இருந்தார். நிலானி பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஊசிப் புத்தகம் வந்தது, பாலர் பள்ளித் துண்டு வந்தது. பிறகு அவளுடைய விரலில் ஏதோ தட்டுப்பட்டது.

“அம்மா, இது என்ன திறப்பு?”

ஊசியில் குத்திவைத்ததை மறந்தே போயிருந்தேன். “காம்பரின்ர. கக்கூஸ் பெட்டிச் சாவி.”

“வேறை சாவி இருக்கோ அவையிட்டை?”

“இல்லை.”

நிலானி சிரித்தாள். கையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து என் போன் அதிர்ந்தது. எஞ்சினியர். எடுத்தேன். அவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. சாவி எங்கே, பெட்டி நிரம்பிவிட்டது, வண்டி முழுக்க நாறுகிறது, இந்த ஓகஸ்ட் திருநாள் நேரத்தில் பூட்டுத் திறக்கிற ஒருவனையும் பிடிக்கமுடியவில்லை, உடனே கொண்டுவா என்கிறார்.

நான் அவருடைய மொழியில், பிழையில்லாமல், மெதுவாகச் சொன்னேன்.

“எஞ்சினியர், நான் ஃபெரியேயிலை நிக்கிறன். லீவு முடிய எடுங்கோ.”

வைத்துவிட்டேன். மேசை அம்மா ஒன்றும் கேளாததுபோல ஊசிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பதிவேட்டில் என் பிள்ளை எங்குமே இல்லாமல் இருந்த காலத்தின் திகதிகளில் விரலை வைத்து, ஒவ்வொன்றாகத் தலையாட்டினார். பிறகு நிலானியை எழுந்து நின்று குடிமகள் என்கிற அறிவிப்பை வாசிக்கச் சொன்னார். நிலானி வாசித்தாள், கையெழுத்து வைத்தாள். ஒருவருக்கும் முன்னால் அவள் கைகட்டவில்லை.

எனக்குக் கண்ணீர் வந்தது. சந்தோஷக் கண்ணீர் என்று நிலானி நினைத்துக் கையைப் பிடித்தாள். இல்லை. அது முழுக்க ஆத்திரம். ஒரு ஊசிப் புத்தகம் கையில் இருந்திருந்தால் என் அப்பாவும் நிமிர்ந்து நின்றிருப்பார் என்ற ஆத்திரம்.

8

அந்த வாரமே வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. இனி வேலைக்கு வரவேண்டாமாம். நம்பிக்கை முறிந்துவிட்டதாம். சாவியைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டுமாம். என் கணவர் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார், பிறகு எழுந்து தேத்தண்ணி போட்டுத் தந்தார். “சண்டை பிடிச்சிட்டாய்,” என்றார். திட்டவில்லை.

அடுத்த மாதம் சாவியை எடுத்துக்கொண்டு லிபெர்த்தாவுக்குப் போனேன். சிஞ்ஞோராவை ஒருதடவை பார்க்கலாம் என்பதும் உண்மை. கதவைத் திறந்தது எங்கள் பெண் ஒருத்தி. மட்டக்களப்பாம், வந்து கொஞ்சக்காலம்தானாம். மேலே கட்டியிருந்த ஏப்ரன்கூட என்னுடையதுதான், அவளுக்குப் பெரிதாக இருந்தது.

“அக்கா, நீங்கதானா முந்தி இருந்த ஆள்? சாவி ஒண்டு வரும், வாங்கி வை எண்டு சொன்னவர்,” என்று கையை நீட்டினாள்.

“உன்ர பேர் என்ன?”

“சுகந்தி.”

“அந்தக் காம்பரைப் பற்றிச் சொன்னவையோ?”

அவளுடைய முகம் மலர்ந்தது. “ஓம் அக்கா. குளிருக்கு முன்னம் இன்னொரு தரம் போறாங்களாம். என்னையும் கூட்டிப் போவாங்களாம். அது லீவு மாதிரித்தானாம்.”

உள்ளேயிருந்து சிஞ்ஞோராவின் குரல் வந்தது. அதே குரல். “ஜோயா! ஜோயா, ஆர் வந்திருக்கினம்?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சுகந்தி திரும்பிப் பார்த்து, “வாறன்!” என்றாள்.

நான் சாவியை நீலப் பைக்குள் திரும்பப் போட்டேன். “உன்ர கையிலை இது வேண்டாம், தங்கச்சி,” என்றேன். “அவருக்குத் தேவை எண்டால் என்னட்டை வந்து வாங்கச் சொல்லு. வந்து கதவிலை நிண்டு யோகராணி எண்டு கூப்பிடச் சொல்லு.”

வதனி, அந்தப் பிள்ளையும் தன்னுடைய ஊருக்கு ஒரு படம் அனுப்பும். சாவி எங்கள் வீட்டுக் குசினி ஆணியில் தொங்குகிறது. அவர் இன்னும் வரவில்லை.